ஊர்வனக் கண்காட்சியில் வாங்குதல்

ஊர்வனக் கண்காட்சி என்பது பாம்பு, பல்லி, ஓணான், ஆமை முதலிய உயிரினங்களை வளர்த்து இனப்பெருக்கம் செய்வோர் ஓரிடத்தில் கூடி, மேசை போட்டு அவற்றை விற்கும் ஓரிரு நாள் சந்தை ஆகும். பெயர் கண்காட்சி என்றாலும் அங்கே விற்பனைதான் முதன்மை. செருமனியின் ஹாம் நகரில் ஆண்டுக்குப் பலமுறை கூடும் 'டெராரிஸ்டிகா', அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச்சிலும் இல்லினாய் மாநிலத்தின் டின்லி பார்க்கிலும் நடப்பவை ஆகியன இவற்றுள் பெயர் பெற்றவை.

தமிழ்நாட்டில் இத்தகைய சந்தை மரபு இல்லை. மதுரைக்குத் தெற்கே நான்குவழிச் சாலையில் உள்ள திருமங்கலத்திலிருந்து ஒருவர் ஊர்வன வாங்க நினைத்தால், அவர் கண்ணில் படுபவை மூன்று: மதுரையின் வண்ணமீன் கடைகள், சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் நடக்கும் செல்லப்பிராணிக் கண்காட்சிகள், கைப்பேசியில் படமும் விலையுமாக வரும் விளம்பரங்கள். பொருட்காட்சித் திடலில் இகுவானாவைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட சிறுவன் வீடு திரும்பியதும் "அதை வாங்கித் தா" என்று அடம்பிடிப்பதில்தான் பல நேரங்களில் இது தொடங்குகிறது.

ஹாம் அரங்கிலும் மதுரைக் கடையிலும் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. இந்த உயிர் எங்கிருந்து வந்தது? நலமாக உள்ளதா? இதை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா? மேலைநாட்டு வாங்குபவர் பெரும்பாலும் இரண்டாம் கேள்வியிலேயே நேரத்தைச் செலவிடுகிறார். இந்தியாவில் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மற்ற இரண்டுக்கும் பொருள் உண்டு.

அரங்கில் காண்பவை

வெளிநாட்டு ஊர்வனக் கண்காட்சிக்கு முதன்முறை செல்பவரைத் திகைக்க வைப்பது வரிசை வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் கிண்ணங்கள். மூடியில் ஊசித்துளை இட்ட, உள்ளே தெரியும் கிண்ணம் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பாம்போ பல்லியோ இருக்கும். கொடுமையாகத் தோன்றினாலும், ஓரிரு நாள் பயணத்துக்கும் விற்பனைக்கும் மட்டுமே அது. சிறு இடத்தில் சுருண்டு ஒளிந்திருப்பது பாம்புக் குட்டிகளின் இயல்பும்கூட. அந்தக் கிண்ணமே நிரந்தர வீடு என்று விற்பனையாளர் சொன்னால் அவரை விட்டு நகர்ந்துவிட வேண்டும்.

கேட்காமல் கிண்ணத்தைத் திறப்பதும் தொடுவதும் கூடாது. ஒரு மேசையில் தொட்ட கையோடு அடுத்த மேசைக்குப் போனால் நோயும் உண்ணியும் உடன் போகும். ஆகவே மேசைக்கு மேசை கிருமிநீக்கி வைத்திருப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் முதல் சுற்றில் எதையும் வாங்குவதில்லை. ஒரே இனம் பல மேசைகளில் பல விலையில் இருக்கும். கடைசி நாள் மாலையில் விலை இறங்கும், ஆனால் நல்லவை அதற்குள் போயிருக்கும்.

சிட்டையைப் படித்தல்

கிண்ணத்தின் மேல் ஒட்டிய சிட்டையில் அறிவியல் பெயர், பொரித்த நாள், பால், பிறப்பு வகை, விலை ஆகியவை இருக்கும். பாலைக் குறிக்கப் புள்ளியிட்ட எண்களை எழுதுவது வழக்கம். 1.0 என்றால் ஓர் ஆண், 0.1 என்றால் ஒரு பெண், 0.0.3 என்றால் பால் அறியப்படாத மூன்று குட்டிகள்.

சிட்டையில் மிக முக்கியமானவை 'சி.பி.', 'டபிள்யூ.சி.' என்ற இரு குறிகள். முன்னது வளர்ப்பில் பிறந்தது, பின்னது காட்டில் பிடிக்கப்பட்டது. காட்டில் பிடித்தவை ஒட்டுண்ணி நிறைந்தும், தீனி எடுக்க மறுத்தும், அச்சத்தில் மெலிந்தும் இருப்பதால் மலிவாக விற்கும். அந்த மலிவு மருத்துவச் செலவில் கரையும். அதைவிடப் பெரிது, அவ்வகை ஒவ்வொரு விற்பனையும் காட்டில் இன்னொன்றைப் பிடிப்பதற்குக் கூலியாகிறது என்பது.

நிற வகைகளை 'மார்ஃப்' என்பர். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பில் இவை எண்ணிறந்தவை. இங்கே பள்ளி உயிரியலில் படித்த மெண்டல் விதி காசாக மாறுவதைக் காணலாம். வெளிறிய நிறம் ஒடுங்கு பண்பு. அதன் மரபணுவை ஒன்றே ஒன்று சுமக்கும் பாம்பு பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். அதை 'ஹெட்' என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். சிட்டையில் '66 விழுக்காடு ஹெட்' என்று இருந்தால், இரு ஹெட் பெற்றோருக்குப் பிறந்த சாதாரண நிறக் குட்டி என்று பொருள். அது மரபணுவைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. சுமக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை, விற்பவரின் சொல்லும் இனப்பெருக்கப் பதிவேடும்தான் சான்று.

நிறத்துக்காகச் செய்த தேர்வு உயிருக்கே கேடாவதும் உண்டு. பந்து மலைப்பாம்பின் 'ஸ்பைடர்' வகையில் அழகிய வலைக்கோலத்தோடு ஒரு நரம்புக் குறையும் பிறவியிலேயே வருகிறது. தலை நடுங்கும், நிலை தடுமாறும், இரையைக் குறி தவறிக் கொத்தும். "கொஞ்சம் ஆடும், பழகிவிடும்" என்று விற்பவர் சொல்வது இதைத்தான்.

முதலீடாக வாங்குவோருக்கு ஒரு செய்தி. புது நிற வகைகள் தோன்றிய காலத்தில் பல ஆயிரம் டாலருக்கு விற்றன. பாம்பு ஒவ்வொரு முறையும் பல முட்டை இடும், குட்டிகளும் சில ஆண்டுகளில் முட்டையிடத் தொடங்கும். சில ஆண்டுகளிலேயே விலை சரிந்தது. "குட்டி போட்டால் காசு" என்ற பேச்சு இப்போது இந்தியச் செல்லப்பிராணிச் சந்தையிலும் கேட்கிறது.

உடல்நலம் பார்க்கும் முறை

நல்ல விற்பனையாளர் கேட்டால் உயிரினத்தைக் கையில் எடுத்துக் காட்டுவார். பாம்பாயின் கையைச் சீராகப் பற்றி நகர வேண்டும், துவண்டு தொங்கக்கூடாது. வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூச்சில் 'கரகர' ஒலியும், மூக்கில் குமிழியும் சுவாச நோயின் அடையாளம். கண் ஓரத்திலும் தாடைக்குக் கீழும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் நகர்ந்தால் அவை உண்ணி. ஒரு பாம்பில் இருந்தால் அந்த மேசை முழுவதும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். கழிவாய் சுத்தமாக, வீக்கமின்றி இருக்க வேண்டும்.

சிறுத்தைப் பல்லி எனப்படும் லெப்பர்ட் கெக்கோ கொழுப்பை வாலில் சேமிக்கிறது. வால் தடித்திருந்தால் நலம், குச்சி போலிருந்தால் ஏதோ நோய். ஆமையைக் கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் தெரிய வேண்டும். ஓடு அழுத்தினால் அமுங்கினால் சுண்ணாம்புச் சத்தும் புறஊதா ஒளியும் கிடைக்காமல் வளர்ந்தது. ஓணான் வகைகளில் கீழ்த்தாடை வளைந்தோ, கைகால் நடுங்கியோ இருந்தாலும் அதே குறைதான்.

கேட்க வேண்டிய கேள்விகளில் சிறந்தது, "கடைசியாக எப்போது, என்ன தின்றது?" என்பது. பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடியது. தீனி எடுக்காத பாம்பை விற்றுவிட்டுப் போவது பழைய தந்திரம். தேதியோடு தீனிக் குறிப்பு வைத்திருப்பவரிடம் வாங்குவதே மேல்.

இந்தியாவில் எதை வாங்க முடியும்?

இந்தியாவில் இயற்கையாக வாழும் பாம்புகளையும் ஆமைகளையும் உடும்பையும் விலைக்கு வாங்கவே முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்குகிறது. திருமங்கலம் வட்டாரக் கண்மாய்களில் காணும் மென்தோட்டு ஆமை, கரிசல் வெடிப்புகளில் பதுங்கும் சாரை, வேலிக்காத்தான் புதரில் ஓடும் உடும்பு எல்லாம் இதற்குள் அடங்கும். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. "பரிசாகக் கிடைத்தது", "வயலில் கிடைத்தது" என்பவை தப்பிக்கும் வழிகள் அல்ல.

வெளிநாட்டு இனங்கள் நீண்ட காலம் இச்சட்டத்தின் பார்வைக்கு வெளியே இருந்தன. நாட்டுக்குள் கடத்தி வந்துவிட்டால் அதன்பின் வைத்திருப்பதைக் கேட்பாரில்லை என்ற நிலை. 2020 சூனில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்க ஒரு வாய்ப்பு அளித்தது. குறித்த காலத்துக்குள் அறிவித்தவர்களிடம் ஆவணம் கேட்கப்படவில்லை. பின்னர் 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து இந்த இடைவெளியை அடைத்தது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் பட்டியல்கள் இந்தியச் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன.

நடைமுறையில் இதன் பொருள் பின்வருமாறு. பந்து மலைப்பாம்பும் பச்சை இகுவானாவும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளவை. எனவே நான்காம் அட்டவணைக்குள் வருபவை. 2024 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட பதிவு விதிகளின்படி, இவற்றை ஏற்கெனவே வைத்திருந்தோர் ஆறு மாதத்துக்குள்ளும், புதிதாகப் பெறுவோர் 30 நாளுக்குள்ளும் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். சைட்டிஸ் முதல் பட்டியலில் உள்ள இனங்களை வளர்ப்பில் பெருக்குவோர்க்குத் தனி உரிமமும் தேவை.

ஆகவே கடையிலோ கண்காட்சியிலோ பந்து மலைப்பாம்பு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விற்பவரின் பதிவுச் சான்று. அது அந்தக் குறிப்பிட்ட உயிருக்கு உரியதா என்பதை இனம், பால், எண்ணிக்கை, அடையாளக் குறி ஆகியவற்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய தாளின் ஒரே ஒளிநகலைக் கடையில் உள்ள எல்லாப் பாம்புக்கும் காட்டுவது ஏமாற்று. அறிவியல் பெயரும் விற்பவரின் முகவரியும் தேதியும் எழுதிய ரசீதும் வேண்டும். "பில் கேட்டால் விலை கூடும்" என்று சொல்லும் இடத்தில் பேரம் பேசுவதற்கு எதுவும் இல்லை.

கார்ன் பாம்பு, தாடி ஓணான் எனப்படும் பியர்டட் டிராகன் போன்ற சில இனங்கள் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. இவற்றுக்குப் பரிவேஷ் பதிவு கேட்கப்படாததால் "இதற்கு எந்தச் சட்டமும் இல்லை" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. உயிருள்ள விலங்கை இந்தியாவுக்குள் கொண்டுவர வெளிநாட்டு வணிகத் துறையின் இறக்குமதி அனுமதியும், சென்னை போன்ற குறிப்பிட்ட நகரங்களில் மட்டுமே உள்ள விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்தின் ஒப்புதலும் தேவை. பயணப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வந்த பாம்புக்கு இவை எதுவும் இருக்காது.

(தாடி ஓணானின் தாயகமான ஆத்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. இன்று உலகெங்கும் விற்கப்படுபவை அதற்கு முன்போ, களவாகவோ வெளியேறியவற்றின் வழித்தோன்றல்கள்.)

லெப்பர்ட் கெக்கோ வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியக் காடுகளில் வாழ்கின்றன. இளம் பருவத்தில் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரிடம் வாங்கினால், வாங்கியது நாட்டு இனமாக இருந்துவிடும் ஆபத்து உண்டு.

தமிழர் மிகுதியாக வாழும் பிற நாடுகளில் நிலை வேறு. சிங்கப்பூரில் பாம்பையும் பல்லி இனங்களையும் செல்லமாக வளர்க்க அனுமதியே இல்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவுயிர் சட்டப்படி பல இனங்களுக்கு உரிமம் வேண்டும். அங்கே உறவினர் வீட்டில் உரிமத்தோடு இருக்கும் பாம்பை இங்கே கொண்டுவர அந்த உரிமம் உதவாது.

மண்ணுளிப் பாம்பும் நட்சத்திர ஆமையும்

தென்மாவட்டங்களில் ஊர்வன விற்பனை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மண்ணுளிப் பாம்பு. வால் மழுங்கித் தலை போலவே இருப்பதால் 'இருதலைப் பாம்பு' என்றும் சொல்வர். எலியைத் தின்று உழவருக்கு உதவும், நஞ்சற்ற, மந்தமான உயிர். இதற்குக் கோடிக்கணக்கில் விலை என்றும், எடை கூடக் கூட மதிப்பு ஏறும் என்றும், மருந்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஆகும் என்றும் கதை கட்டி முன்பணம் பறிக்கும் கும்பல்கள் பல ஆண்டுகளாக உள்ளன. 2014இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' திரைப்படம் இந்த மோசடியோடுதான் தொடங்குகிறது. ஏமாந்தவர் காவல் நிலையம் செல்லத் தயங்குவதே மோசடியின் பலம். பாதுகாக்கப்பட்ட பாம்பை வாங்கப் பணம் கொடுத்தேன் என்று புகாரில் எழுத வேண்டியிருக்கும் அல்லவா?

நட்சத்திர ஆமையின் கதை இன்னும் வருத்தமானது. ஓட்டில் மஞ்சள் கதிர்க்கோலம் கொண்ட இந்த ஆமை தமிழ்நாடு உட்படத் தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும், வடமேற்கு இந்தியாவிலும், இலங்கையிலும் வாழ்கிறது. வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையும், வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக விற்கும் விலையும் சேர்ந்து இதைக் கடத்தல்காரர்களின் விருப்பச் சரக்காக்கின. ஆந்திர, கர்நாடக எல்லைப் பகுதியில் ஒரே மையத்திலிருந்து ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இதை முதல் பட்டியலுக்கு உயர்த்திப் பன்னாட்டு வணிகத்தை அறவே தடுத்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கண்காட்சிகளில் இன்றும் வளர்ப்பில் பிறந்த நட்சத்திர ஆமைகள் விலைக்கு வருகின்றன. அதே ஆமை திருமங்கலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்தால் வீட்டுக்காரர் மீது வழக்கு. விவரம் அறியாமல் "வெளிநாட்டில் விற்கிறார்களே" என்று காணொளி பார்த்துக் கேட்பவர்கள் பலர்.

பெட்டிக்குள் வருபவை

உள்நாட்டுச் சந்தையில் ஆவணமின்றி விற்கும் வெளிநாட்டு ஊர்வன எங்கிருந்து வருகின்றன என்பதை விமான நிலையச் செய்திகள் காட்டுகின்றன. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. அதே ஆண்டு சூலையில், அதே நகரிலிருந்து திருச்சிராப்பள்ளி வந்த பயணியின் உருளைப் பெட்டியில் 47 பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. துளையிட்ட சிறு டப்பாக்களிலும் துணிப்பைகளிலும் அடைத்து வரும் இவற்றில் சில வழியிலேயே இறக்கின்றன. பிடிபட்டவை பல வேளைகளில் வந்த நாட்டுக்கே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுகின்றன. பிடிபடாதவை கைப்பேசிக் குழுக்களில் 'வளர்ப்பில் பிறந்தது, நல்ல தீனி' என்ற குறிப்போடு விலைக்கு வருகின்றன.

புளோரிடா சென்ற இருளர்

கண்காட்சியில் வாங்கிய குட்டி வளர்ந்த பின் என்ன ஆகிறது என்பதற்குப் புளோரிடா ஓர் எடுத்துக்காட்டு. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கைக்குள் அடங்கும் பர்மிய மலைப்பாம்புக் குட்டியை வாங்கியோர் அது பத்தடியைத் தாண்டியதும் வளர்க்க முடியாமல் சதுப்பு நிலத்தில் விட்டனர். வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையும் சேர்ந்தன. எவர்கிளேட்சு தேசியப் பூங்காவில் அவை பெருகி, அங்குள்ள பாலூட்டிகளையும் பறவைகளையும் வெகுவாகக் குறைத்தன. அமெரிக்க அரசு 2012இல் அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. புளோரிடா மாநிலம் 2021இல் பர்மிய மலைப்பாம்பு, பச்சை இகுவானா, தேகு ஆகியவற்றின் செல்லப்பிராணி வணிகத்தையே முடக்கியது.

தேடுவதற்கு அரிதான இப்பாம்புகளைப் பிடிக்க 2017 சனவரியில் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைக்கப்பட்டனர். தடம் பார்த்துப் பாம்பைக் காணும் அவர்களது அறிவால் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. சந்தையில் சில டாலருக்கு விற்ற குட்டிகளின் விளைவைத் தீர்க்க, உலகின் மறுகோடியிலிருந்து பாம்புபிடிப்போரை விமானத்தில் அழைக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இதற்கு நிகரானது சிவப்புக்காது ஆமை. மீன் கடைகளில் ரூபாய் நாணய அளவில் பச்சையாக நீந்தும் இந்த வட அமெரிக்க ஆமை சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்து, தொட்டி நாறத் தொடங்கும். அப்போது கோயில் குளத்திலோ கண்மாயிலோ விடுவது புண்ணியம் என்று எண்ணுகின்றனர். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளுள் ஒன்றாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. கேரளத்தின் நீர்நிலைகளில் இது காணப்பட்டதையடுத்து, அம்மாநில வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் திரும்பப் பெறும் முயற்சியில் இறங்கியது.

திருமங்கலத்து வெயிலில்

வெளிநாட்டுக் கண்காட்சிகளிலும் கையேடுகளிலும் பாதிப் பேச்சு சூடேற்றும் விளக்கு, வெப்பப் பாய் பற்றியதாகவே இருக்கும். அவை குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டவை. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 38 பாகை முதல் 40 பாகை செல்சியசு வரை தொடும் மதுரைச் சமவெளியில் சிக்கல் நேர்மாறானது. பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் ஒரு பக்கம் 32 பாகை அளவில் இருந்தால், மறுபக்கம் 27 பாகை அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அது தன் உடலைச் சமன் செய்துகொள்ளும். சிமெண்டு ஓட்டுக் கூரையின் கீழ் நண்பகலில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இருக்காது. நியூ கலிடோனியத் தீவைச் சேர்ந்த கொண்டைப் பல்லி எனப்படும் கிரெஸ்டட் கெக்கோ 30 பாகையையே தாங்காது. குளிரூட்டி ஓயாமல் ஓடும் அறை இல்லாதவர் அதை வாங்குவது, கோடையில் அது சாவதற்கு நாள் குறிப்பதாகும். மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வசதியும் உண்டு. பகலில் நடமாடும் ஓணான், ஆமை வகைகளுக்குத் தேவைப்படும் புறஊதாக் கதிரைக் குளிர்நாட்டினர் விலை மிக்க விளக்கால் தருகின்றனர். இங்கே காலை வெயில் அதைத் தாராளமாகத் தரும். கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால் சன்னலோரத் தொட்டி பயன்படாது. அதிலும் வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலோடு, காலையில் சிறிது நேரம் வைப்பதே முறை.

தீனி அடுத்த கேள்வி. இகுவானாவுக்கு முருங்கைக்கீரையும் செம்பருத்தி இலையும் கொல்லையிலேயே கிடைக்கும். பாம்புக்கு எலி வேண்டும். மேலைநாட்டில் உறைநிலை எலி கடையில் கிடைக்கும். இங்கே அது அரிது. வீட்டு எலியைப் பிடித்துப் போடலாம் என்பது ஆபத்தான குறுக்குவழி. அது எலிமருந்து தின்றதாக இருக்கலாம், ஒட்டுண்ணியும் இருக்கும். உயிருள்ள எலி பசியில்லாத பாம்பைக் கடித்துக் குதறுவதும் உண்டு. மருத்துவமும் அருகில் இல்லை. ஆடு மாடு பார்க்கும் உள்ளூர் மருத்துவர் பாம்புக்கு மருந்தளவு சொல்லத் தயங்குவார். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி வரையோ, சென்னை வரையோ போக வேண்டியிருக்கும். அந்த வழியை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

ஆயுளையும் எண்ண வேண்டும். தாடி ஓணான் 10 ஆண்டு அளவிலும், லெப்பர்ட் கெக்கோ 15 ஆண்டுக்கு மேலும், பந்து மலைப்பாம்பு 30 ஆண்டு வரையிலும் வாழக்கூடியவை. பள்ளி மாணவர் கேட்டு வாங்கிய பாம்பு, அவர் கல்லூரிக்குப் போய், வேலைக்குப் போய், திருமணம் ஆன பின்னும் வீட்டில் இருக்கும். விடுதிக்குப் போகும் நாளில் அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்களா என்பது வாங்கும் நாளிலேயே பேசி முடிக்க வேண்டியது.

வீட்டுக்கு வந்த பின்

பாம்பைத் துணிப்பையில் முடிந்து, காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, வாங்கிய அன்றே இழப்பதற்கு மிக எளிய வழி. வந்தவுடன் தீனி போடாமல், தொடாமல், ஒரு வாரம் அமைதியாக விட வேண்டும். வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் புதியதைத் தனி அறையில், தனிப் பாத்திரங்களோடு, குறைந்தது ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். பாம்புகளுக்கு மூன்று மாதம் வைப்போரும் உண்டு. 30 நாள் பதிவுக் கெடு அதற்குள் முடிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி நோய்க்குறி எதுவுமின்றி இருக்கும். குழந்தைகள் சிறு ஆமைகளை வாயில் வைத்து நோயுற்றதால், அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பது 1975இல் தடை செய்யப்பட்டது. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், கூண்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் கட்டாயம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டுக்கு ஊர்வன பொருந்தாது என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

வளர்க்க முடியாத நிலை வந்தால் கண்மாயிலோ காட்டிலோ விடுவது தீர்வன்று. பதிவு பெற்ற உயிரை, கைமாற்றத்தைப் பரிவேஷில் தெரிவித்து, வளர்க்கத் தெரிந்த மற்றொருவருக்குத் தரலாம். அது இயலாவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தை அணுக வேண்டும்.

வாங்காமலே ஊர்வனவற்றை அருகில் காண விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு நல்ல இடங்கள் உள்ளன. ஒன்று, 1972இல் தொடங்கிய சென்னை கிண்டி பாம்புப் பண்ணை. மற்றது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் நிறுவிய முதலைப் பண்ணை. இதன் வளாகத்தில்தான் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து அங்கே நஞ்சு எடுக்கப்பட்டு, பாம்புக்கடி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறது. நஞ்சு எடுத்து முடித்த பாம்புகள் மீண்டும் காட்டிலேயே விடப்படுகின்றன.